அப்பாவின் நாயை விரட்டச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம் டொக்டர். களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். நான் ஓர் ஆசிரியை. அப்பாவுக்கு 67 வயது. வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்தவர். அம்மா இறந்து ஒன்றரை வருடத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. பேச்சும் குழறுகிறது. ஆஸ்பத்திரியால் வந்தவர் விறாந்தைக் கதிரையில் இருந்தார், அவ்வளவுதான். குளிசை போடமாட்டார். கிளினிக்குக்கு வரமாட்டார். கையைப் பயிற்சி செய்யுங்கள் என்றால் "இனி ஆருக்கு?" என்பார்.

போன மாரி மழையில் ஒரு பெட்டை நாய் வாசலில் வந்து ஒதுங்கியது. அப்பா தன் சோற்றில் ஒரு பிடி போட்டார். இப்போது நாலு மாதம். சிவலை என்று பெயரும் வைத்துவிட்டார். விடியற்காலையில் எழும்பி அதற்குச் சாப்பாடு வைக்கிறார், பொல்லை ஊன்றிக்கொண்டு வாவிக்கரை வரை அதோடு நடக்கிறார். குளிசையை மறக்காமல் போடுகிறார். போன கிளினிக்கில் பிரஷர் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். எங்களோடு இரண்டு சொல் பேசாதவர் நாயோடு மணிக்கணக்காகக் கதைக்கிறார்.

ஆனால் சின்னவளுக்கு நாலு வயது. இரண்டு வயதிலிருந்தே முட்டு வருத்தம், அஸ்துமா. நாயை விரட்டச் சொல்லி என் கணவர் நிற்கிறார். மாமி, நாய் வீட்டுக்குள் வந்தால் தரித்திரம் என்கிறா. கனடாவில் உள்ள தம்பியோ, வெளிநாட்டில் ஆஸ்பத்திரிகளிலேயே நாய் வைத்து வைத்தியம் செய்கிறார்கள், அந்தத் தெருநாயை விட்டுவிட்டு ஒரு லப்ரடோர் வாங்குங்கள், காசு அனுப்புகிறேன் என்கிறான். நாயால் உண்மையிலேயே சுகம் வருமா? பிள்ளைக்கு ஆபத்தா? நாயோடு இப்படிக் கதைப்பது மூளையில் ஏதும் பிழையாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

மகள், கடைசியாகக் கூச்சத்தோடு கேட்டீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். அப்பா நாயோடு கதைப்பது மூளைப் பிழை இல்லை. இந்த நாலு மாதத்தில் அவர் செய்த நல்ல காரியங்களில் அதுதான் முதலாவது.

இடது பக்கம் இழுத்த பாரிசவாதத்தில் பெரும்பாலும் சொற்கள் மறந்துபோவதில்லை. சொல்ல வந்தது தலைக்குள் தெளிவாகவே இருக்கும். நாக்கும் உதடும்தான் சொன்னபடி கேட்காது. உங்கள் அப்பா வட்டையில் நின்று குரல் கொடுத்த மனுசன், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு வாதாடிய மனுசன். அப்படிப்பட்டவர் ஒரு வசனத்தை முடிக்க முன்னர் "என்ன அப்பா, என்ன?" என்று நாலு பேர் குனிந்து கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? வாயை மூடிக்கொள்வதே மரியாதை என்று நினைத்துவிடுவார். சிவலை அப்படிக் கேட்பதில்லை. திருத்துவதில்லை, அந்தரப்படுவதில்லை, பரிதாபமாகப் பார்ப்பதில்லை. குழறிய சொல்லுக்கும் வாலை ஆட்டுகிறது. அதனால் அவர் வெட்கமில்லாமல் திரும்பத் திரும்பப் பேசுகிறார். நாக்குக்கு வேண்டிய பயிற்சி அதுவேதான்.

இதை வைத்தியர்கள் கவனிக்கத் தொடங்கியது நேற்று இன்று அல்ல. நியூயோர்க்கில் போரிஸ் லெவின்சன் என்று ஒரு குழந்தை உளவியலாளர் இருந்தார். ஒருநாள் ஒரு தாய் தன் மகனோடு நேரத்துக்கு முந்தி வந்துவிட்டார். லெவின்சனின் நாய் ஜிங்கிள்ஸ் அன்று அறைக்குள் இருந்தது. மற்றவர்களோடு ஒட்டாமல் ஒதுங்கியிருந்த அந்தப் பையன் நாயிடம் போனான், அதோடு விளையாடினான், பிறகு அந்த விளையாட்டுக்குள் லெவின்சனையும் சேர்த்துக்கொண்டான். இதை அவர் சக உளவியலாளர்களிடம் சொன்னபோது பலர் சிரித்தார்கள், ஆனாலும் 1962 இல் எழுதி வெளியிட்டார். இன்று பல நாடுகளில் ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு நாய்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்களே, அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று இதுதான். அதற்கும் முன்னர், 1859 இலேயே, நீண்டகால நோயாளிக்கு ஒரு சிறு வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று தாதியர்களின் தாய் புளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதி வைத்திருக்கிறார்.

சரி, உடம்புக்கு உண்மையிலேயே ஏதும் நடக்கிறதா? நடக்கிறது. 2015 இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் ஒன்று கண்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்திருக்கும்போது இருவர் உடம்பிலும் ஒக்சிடோசின் என்ற ஓமோன் கூடுகிறது. தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது சுரப்பதும் அதே ஓமோன்தான். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களை வைத்தும் பார்த்தார்கள், அவற்றிடம் அப்படி நடக்கவில்லை. நாயைத் தடவிக்கொண்டு அமைதியாக இருக்கும்போது பிரஷர் சற்றுத் தணிவதும் பல தடவை அளந்து பார்க்கப்பட்டதுதான்.

பாரிசவாதம் வந்தவர்களைப் பற்றியே ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. சுவீடனில் 2001 முதல் ஒவ்வொரு நாயையும் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவையும் ஆஸ்பத்திரிப் பதிவுகளையும் பொருத்திப் பார்த்து 2019 இல் முடிவை வெளியிட்டார்கள். பாரிசவாதத்துக்குப் பிறகு தனியே வாழ்ந்தவர்களில், நாய் வைத்திருந்தவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 27 சதவீதம் குறைவாக இருந்தது. துணையோடோ பிள்ளையோடோ வாழ்ந்தவர்களுக்கு 12 சதவீதம் குறைவு. நாய் வளர்த்தவர்கள் முதலிலேயே கொஞ்சம் சுகதேகிகளாக இருந்திருக்கலாம் என்பதால் முழுப் புகழையும் நாய்க்குக் கொடுக்க முடியாது. அமெரிக்க இதய நோய்ச் சங்கமும் 2013 இல் இதே நிதானத்தோடுதான் சொன்னது: நாய் வளர்ப்பது இதயத்துக்கு நல்லதாக இருக்கக்கூடும், ஆனால் அதற்காகவே ஒரு நாயை வாங்காதீர்கள்.

அந்த 27 க்கும் 12 க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தனிமை கூடின இடத்தில் நாயின் உதவியும் கூடுகிறது. எங்கள் பக்கத்தில் தனி வீட்டில் வாழும் முதியவர்கள் குறைவு. ஆனால் வீடு நிறைய ஆட்கள் இருக்கத் தனியே இருக்கிறவர்கள் நிறையப் பேர். உங்கள் அப்பா அவர்களில் ஒருவராக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் சொல்ல விரும்பும் முக்கியமான விசயமும் இதுதான்.

நீங்கள் இருப்பது அவர் கட்டித் தந்த சீதன வீடாகத்தான் இருக்கும். எங்கள் மட்டக்களப்பு வழக்கம் அது. மகளுக்கு வீட்டைக் கொடுத்த பிறகு தகப்பன் அந்த வீட்டிலேயே ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்வார். வயலும் வாடியும் இருந்தவரை அது அவருக்குத் தெரிந்திருக்காது. விடிந்தால் பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிப் போனால் அங்கே அவரை நம்பி ஒரு வெள்ளாமை நின்றது. யானைக்குக் காவல், பன்றிக்குக் காவல், தண்ணீருக்குக் காவல். பிறகு அம்மா போனா. பிறகு கை போனது. அதற்குப் பிறகு அவருக்கு எல்லாம் நீங்கள்தான் செய்தீர்கள், அன்பாகத்தான் செய்தீர்கள். சாப்பாடு தட்டில் வந்தது, குளிசை கையில் வந்தது. ஆனால் உலகத்தில் ஒரு உயிருக்காவது அவர் தேவைப்பட்டாரா? "இனி ஆருக்கு?" என்று அவர் கேட்டது சும்மா இல்லை, மகள். அதற்கு உங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. நனைந்துபோய் வந்த ஒரு நாய் பதில் சொல்லியது.

நான் வார்டிலும் கிளினிக்கிலும் திரும்பத் திரும்பக் காண்பது இது. சுகமாக்குவது நாயின் உரோமமோ வாலோ இல்லை. காலையில் எழும்பாவிட்டால் ஒரு உயிர் பசியோடு நிற்கும் என்கிற எண்ணம் இருக்கிறதே, அதுதான். சுனாமிக்குப் பிறகும் இதைக் கண்டேன். எல்லாவற்றையும் இழந்து, ஆற்றுப்படுத்த வந்தவர்கள் எவரோடும் ஒரு சொல் பேசாமல் இருந்தவர்கள், முகாமில் ஒண்டிய ஒரு குட்டிக்காகத் தகரப்பேணியில் தண்ணீர் மொண்டு வைத்தார்கள். நாங்கள் கற்றுவந்த ஆறுதல் வார்த்தை எதற்கும் அசையாத கை அதற்கு அசைந்தது.

பிரஷர் குறைந்ததையும் இந்தக் கண்ணால் பாருங்கள். நாய் மட்டும் வந்து பிரஷரை இறக்கிவிடவில்லை. நாய்க்காக எழும்புகிறார், எழும்பினவர் நடக்கிறார், நடக்கிறவர் குளிசையையும் போடுகிறார். ஆகவே எந்த மருந்தையும் குறைத்துவிடாதீர்கள். கிளினிக் திகதி ஒன்றுகூடத் தவறக்கூடாது. காலைக் குளிசைப் பெட்டியைச் சிவலையின் சாப்பாட்டுச் சட்டிக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். குளிசை போட்ட பிறகுதான் அதற்குச் சோறு என்று அப்பாவே ஒரு வழக்கமாக்கிக்கொள்வார்.

ஒன்று கேட்கிறேன், கட்டாயம் செய்யுங்கள். சிவலையின் வேலையை அவரிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். "நீங்கள் இருங்கோ அப்பா, நான் வைக்கிறேன்" என்று உங்கள் வாய் தானாகச் சொல்லும், அடக்கிக்கொள்ளுங்கள். சோறு கொஞ்சம் சிந்தட்டும். மீன் தலையைப் பிசைந்து முள் எடுக்கும்போது இடது கையால் சட்டியைப் பிடிக்கட்டும். பின்னேரத்தில் ஒரு பழைய பிரஷ்ஷை அந்த இடது கையில் கொடுத்து நாயின் முதுகை வாரச் சொல்லுங்கள். விரல் மடங்கிக் கிடந்தால் வலது கையால் ஒவ்வொரு விரலாக விரித்து, பிரஷ்ஷைப் பிடிக்கவைத்து, அதன் மேல் வலது கையைப் பொத்திக்கொண்டு வாரலாம். கழுத்திலிருந்து வால் வரை ஒரு நீளமான இழுப்பு, தோள் முன்னும் பின்னும் அசைய வேண்டும். இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சி நாலு சுவரைப் பார்த்துச் செய்தால் இரண்டு நிமிடத்தில் அலுத்துவிடும். நாயை வாரினால் கால் மணித்தியாலம் போனதே தெரியாது. அடுத்த முறை இயன்மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள், கைக்கு ஏற்றபடி அவர் மாற்றிக்கொடுப்பார்.

தம்பி சொன்ன லப்ரடோருக்கு வருகிறேன். அவர் அன்பில் சொல்கிறார், ஆனால் வேண்டாம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வருவது சும்மா ஒரு சாதி நாய் இல்லை. குணம் பார்த்துத் தெரிந்தெடுத்து, பரீட்சித்து, பழகிய ஒருவரின் கையில் வரும் நாய். கண் தெரியாதவரை வழிநடத்தும் நாய்க்கும் வலிப்பு நோயாளிக்கு உதவும் நாய்க்கும் இன்னும் நீண்ட பயிற்சி, இரண்டு வருடம்கூட ஆகும். கடையில் வாங்கிய லப்ரடோர்க் குட்டிக்கு அதில் ஒன்றும் தெரியாது. அது வளர்ந்தால் 30 கிலோ வரும், ஒரு இழுவையில் அப்பாவை நிலத்தில் போட்டுவிடும். எங்கள் வெயிலும் அதற்கு ஒத்துவராது. எல்லாவற்றையும்விட, அது அவர் தெரிந்தெடுத்த நாய் இல்லை. சிவலை அவரைத் தேடி வந்தது, அவர் அதை ஏற்றுக்கொண்டார். காசு கொடுத்து அந்த உறவை வாங்க முடியாது. தம்பிக்கு உதவி செய்ய ஆசையென்றால் சிவலையின் கால்நடை வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்ளட்டும், மிச்சக் காசில் குளியலறைக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுத் தரட்டும்.

நாய் மோந்து புற்றுநோயையும் சீனி இறங்குவதையும் கண்டுபிடிக்கும் என்றும் ஆட்கள் வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஒரு பெண்ணின் காலில் இருந்த மச்சத்தை அவரது நாய் விடாமல் மோந்ததையும், வெட்டிப் பார்த்தபோது அது தோல் புற்றுநோயாக இருந்ததையும் 1989 இல் லண்டன் வைத்தியர்கள் இருவர் பதிவு செய்தார்கள். ஆபிரிக்க நாடான கம்பியாவில் பிள்ளைகள் போட்ட காலுறைகளை மோந்து, மலேரியாக் கிருமி உள்ளவர்களுடையதில் பத்துக்கு ஏழைப் பயிற்றப்பட்ட நாய்கள் சரியாகச் சொல்லியிருக்கின்றன. மலேரியாக் காய்ச்சலில் ஊர் ஊராக நடுங்கிக் கிடந்த காலத்தை வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை முதியவர்களிடம் கேளுங்கள். 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடானது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும். ஆனால் இவையெல்லாம் பயிற்சியின் பலன். சிவலையை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் கணவரின் கவலை. அவரைக் குறை சொல்லமாட்டேன். மாமனாருக்காகத் தன் பிள்ளையின் நெஞ்சைப் பணயம் வைக்க எந்தத் தகப்பனும் விரும்பமாட்டார். அவர் கேட்பது நியாயமான கேள்வி.

சின்னவளின் முட்டு இரண்டு வயதிலேயே தொடங்கியது என்கிறீர்கள். அப்படியென்றால் அதைத் தொடக்கியது சிவலை இல்லை. ஆனால் கூட்டக்கூடும். நாயின் எச்சிலிலும் தோல் பொருக்கிலும் உள்ள புரதம் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. பிறந்த முதல் வருடத்தில் நாயோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு அஸ்துமா சற்றுக் குறைவு என்று சுவீடனில் இன்னொரு ஆய்வு காட்டியது உண்மைதான். அதை ஏற்கெனவே முட்டு உள்ள நாலு வயதுப் பிள்ளைக்குப் பொருத்தக்கூடாது. ஆகவே இப்படிச் செய்யுங்கள். சிவலை விறாந்தையோடு நிற்கட்டும். பிள்ளை படுக்கும் அறைக்குள் ஒருநாளும் வரக்கூடாது. அதைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், முகத்தை நக்க விடக்கூடாது. ஒரு கொப்பியில் முட்டு வந்த நாளையும் அன்று என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். நுளம்புச்சுருள் கொளுத்தினீர்களா, சாம்பிராணி போட்டீர்களா, தடிமன் இருந்ததா, நெல் காயப்போட்டீர்களா, நாயோடு விளையாடினாளா. ஆறு கிழமை எழுதினால் அதைப் பார்த்தே வைத்தியர் நிறையச் சொல்வார். எத்தனையோ வீடுகளில் நாயைத் துரத்திவிட்டு, பிள்ளையின் தலைமாட்டில் நுளம்புச்சுருளை மட்டும் விடாமல் கொளுத்துகிறார்கள். நாயோடு இருந்த நாட்களில்தான் முட்டு கூடுகிறது என்று கொப்பி சொன்னால் பிள்ளைதான் முதல். அப்போது சிவலைக்கு முற்றத்தில், அப்பாவின் கதிரை தெரியும் இடத்தில், ஒரு கூடு அடித்துக்கொடுங்கள். அவரும் வெளியே வந்து இருக்கப் பழகிவிடுவார். பிள்ளையின் இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது.

முட்டைவிட நான் பயப்படுவது விசர்நாய்க்கடிக்கு. உங்கள் கடிதத்தில் தடுப்பூசி பற்றி ஒரு சொல் இல்லை. இந்தக் கிழமையே போடுங்கள். நாலு மாதமாக நாய் நன்றாக இருக்கிறது என்பது ஊசிக்குப் பதில் ஆகாது. இலங்கையில் 1973 இல் மட்டும் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இப்போது வருடத்துக்கு இருபது முப்பது அளவுக்கு இறங்கியிருப்பது நாய்களுக்குப் போட்ட ஊசியாலும், கடிபட்டவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனதாலும்தான். நோயின் குணங்குறி காட்டத் தொடங்கினால் பிறகு காப்பாற்ற வழியில்லை என்றே சொல்ல வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கால்நடை வைத்திய அலுவலகத்திலோ கேட்டால் எங்கே எப்போது போடுகிறார்கள் என்று சொல்வார்கள். அட்டையைப் பத்திரப்படுத்தி வருடந்தோறும் போடுங்கள்.

சிவலை கீறினாலும் பல் பட்டாலும், விளையாட்டாகத்தான் பட்டது என்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் ஒன்றும் வேண்டாம். விசகடி வைத்தியரிடம் போய் நாளைக் கடத்தாமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயை அடித்துக் கொல்லக்கூடாது. கட்டிவைத்து 14 நாள் கவனிக்க வேண்டும், அது தரும் தகவல் வைத்தியருக்குத் தேவை. சின்னவளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள்: நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக்கூடாது. கீறுபட்டால் அம்மாவிடம் மறைக்கக்கூடாது, அடிக்கமாட்டேன் என்று நீங்களும் வாக்குக் கொடுங்கள். அடிக்குப் பயந்து மறைக்கிற பிள்ளைகள்தான் எங்களிடம் பிந்தி வருகிறார்கள்.

பெட்டை நாய் என்பதால் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் சீசனுக்கு ஊர்க் கடுவன்கள் எல்லாம் உங்கள் வாசலில் சண்டை பிடிக்கும், அந்தச் சண்டைக்குள் அப்பாவும் பிள்ளையும் அகப்படுவார்கள். பூச்சிமருந்தை கால்நடை வைத்தியர் சொல்லும் இடைவெளியில் கொடுங்கள். எங்கள் மணல் வளவில் நாய் மலத்திலிருந்து கொக்கிப்புழு பிள்ளைகளின் வெறுங்காலில் ஏறும், அதனால் மலத்தை அள்ளிப் புதைக்க வேண்டும், பிள்ளைக்குச் செருப்பு வேண்டும். நாயிலிருந்து நுளம்பு வழியாக மனிதருக்கு வரும் இன்னொரு புழுவும் இலங்கையில் இருக்கிறது. கண்ணோரத்திலோ தோலுக்குக் கீழோ சின்னக் கட்டியாகத் தெரியும். அப்படி எதையும் கண்டால் நோண்டாமல் காட்டுங்கள்.

அப்பா விழுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்திருப்பார்கள், விழுந்தால் உள்ளே இரத்தம் கசியும். வலது கையில் பொல்லு இருக்கிறது. நாயின் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு போகிறாரா என்று பாருங்கள். போனால் இன்றோடு நிறுத்துங்கள். இடுப்பில் கட்டுவதும் கூடாது. கயிற்றை வேறொருவர் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகும் வயதில் மூத்த பிள்ளையோ அயலில் ஒரு பெடியனோ இருந்தால் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணவரிடமே ஒரு கிழமைக்கு இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். மாமனாரும் மருமகனும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தாலும் பரவாயில்லை. கல்முனை வீதிப் பக்கம் வேண்டாம், வாவிக்கரை ஒழுங்கையே நல்லது. வெயில் ஏற முன்னர் திரும்பிவிட வேண்டும். விறாந்தைப் படியிலும் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியிலும் நாய் படுக்காமல் அதற்கென்று ஒரு சாக்கை ஓரமாக விரித்துவிடுங்கள்.

மாமியிடம் சண்டை பிடிக்க வேண்டாம். பைரவரின் வாகனம் எது என்று மட்டும் கேளுங்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு அவ போகிறவவாக இருந்தால் பாரதக் கதை நன்றாகத் தெரிந்திருக்கும். கடைசிப் பயணத்தில் தம்பிமாரும் திரௌபதையும் விழுந்த பிறகு தருமரோடு கடைசிவரை நடந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டு வா என்று சொன்னபோது, அப்படியென்றால் எனக்குச் சொர்க்கமே வேண்டாம் என்றவர் அவர். மாமியே இந்தக் கதையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லட்டும்.

அப்பாவோடு நெல் வியாபாரம் செய்த காத்தான்குடி, மருதமுனை முஸ்லிம் கூட்டாளிமார் யாரும் பார்க்க வருகிறவர்களாக இருந்தால், அவர்கள் வரும்போது சிவலையைப் பின்வளவில் கட்டிவிடுங்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்களுக்குக் கழுவித் துப்புரவாக வேண்டிய கடமை இருக்கிறது. நாயால் ஒரு நானா வராமல் நின்றுவிட்டால் அது அப்பாவுக்கு நட்டம். அவருக்கு நாயும் வேண்டும், பழைய சிநேகிதமும் வேண்டும்.

மிச்சம் ஒன்று. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அம்மாவின் இழப்பும் சேர்ந்த உங்கள் அப்பாவுக்கு அது வந்திருந்தது என்றே உங்கள் கடிதம் சொல்கிறது. இப்போது மேலேறி வருகிறார், ஆனாலும் ஒருமுறை மனநல கிளினிக்கில் காட்டுங்கள். அதை விசர் வைத்தியம் என்று ஊர் பேசினால் பேசட்டும். நித்திரை கெடுவது, சாப்பாடு குறைவது, "போய்ச் சேர்ந்தால் நல்லம்" என்கிற மாதிரிப் பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கூட்டிக்கொண்டு வாருங்கள். சிவலைக்குச் சாப்பாடு வைக்க எழும்பாத ஒரு காலை வந்தால் அதையும் ஒரு குணங்குறியாக எடுங்கள். முகம் கோணுவது, கை விழுவது, பேச்சு திடீரென மோசமாவது என்றால் ஒரு நிமிடமும் பாராமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

நாய்க்கும் ஒருநாள் வருத்தம் வரும். வீதியில் வாகனம் அடிக்கலாம். அந்த நாளுக்கு இப்போதே ஒரு சொல்: "ஒரு நாய்தானே" என்று வீட்டில் ஒருவரும் சொல்லிவிடாதீர்கள். அதை அவர் கையாலேயே வளவில் புதைக்க விடுங்கள், அந்தக் கிழமை அவரைத் தனியே விடாதீர்கள், எனக்கும் தெரியப்படுத்துங்கள்.

இப்போதைக்கு வேலை இதுதான்: இந்தக் கிழமை ஊசி, நாளை முதல் கொப்பி. ஆறு கிழமை கழித்துக் கொப்பியையும் அப்பாவின் பிரஷர் அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கணவரையும் கூட்டி வாருங்கள். அவர் கேட்க வேண்டியதை அவர் வாயாலேயே கேட்கட்டும், நான் பதில் சொல்கிறேன்.